சடம் என்னும் சொல்லும் சடாரியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்ற ஆண்டு உத்ஸவத்தில் கருட ஸேவைத் திருநாளன்று நடந்தது இது. ஆந்திர தேசத்திலிருந்து ஸேவார்த்தமாக வந்த குடும்பம் ஒன்று ஸந்நிதி வரிசையில் நின்றிருந்தது. தங்கும் இடத்திற்கென்று அவர்கள் யாரிடமோ முன்பணம் கொடுத்திருந்தனர். வந்து பார்த்தால் அறையும் இல்லை. பணம் பெற்றவனும் இல்லை. குடும்பத்துப் பெரியவர், தம் மொழியில், "எங்களுக்குச் சடகோபம் வைத்துவிட்டான்" என்று மனம் நொந்து கூறினார். பின்னால் நின்ற நம் ஊர் அன்பர் ஒருவர் அதன் பொருள் இன்னதெனக் கேட்டறிந்து, "உங்கள் பக்கத்தில் சடகோபம், எங்கள் பக்கத்தில் நாமம்" என்றார். இருவரும் சிரித்துவிட்டனர். அதற்குள் பெரியவருடைய முறை வந்தது. வாய் புதைத்துக் குனிந்து நின்றார். அடியேன் அவர் தலையில் ஸ்ரீசடகோபத்தை ஸாதித்தேன்.

அந்தச் சிரிப்பு அடியேன் செவியை விட்டு நீங்கவில்லை. எம்பெருமானுடைய திருவடிநிலைக்கு உரிய திருநாமம் தெலுங்கில் ஏமாற்றுவதற்குப் பெயராக வழங்குகிறது. அவன் திருவடியையே நெற்றியில் தரிக்கிறோம் என்று நாம் எண்ணும் திருமண்காப்பின் பெயர் தமிழில் அதே தொழிலுக்குப் பெயராகிவிட்டது. "பட்டை நாமம் போட்டுவிட்டான்" என்று சொல்லாத கடைத்தெரு உண்டோ? இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கைங்கர்ய ஸபையார் கேட்டபோது, வேறொன்றும் தேடாமல் இச்சொல்லையே எடுத்துக்கொண்டேன். பாடசாலையில் படித்த காலத்துப் பழக்கத்தால் சிறிது வ்யாகரணமும் கலந்து வரும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். 'சடம்' என்று தமிழில் எழுதினால் அந்த மூன்றெழுத்துக்குள் பல வடசொற்கள் புகுந்து நிற்கின்றன. அறிவற்ற பொருளைக் குறிக்கும் ஜடம் ஒன்று; அதில் முதலெழுத்து சவர்க்கத்தின் மூன்றாம் எழுத்து, இரண்டாவது டவர்க்கத்தின் மூன்றாம் எழுத்து. ஆறு என்னும் எண்ணைக் குறிக்கும் 'ஷட்' என்பதையும் சிலர் 'சட்' என்றே எழுதுகின்றனர். அதனால் சடகோபம் என்பதற்கு ஆறு கோபம் என்றும், சடாரி என்பதற்கு ஜடத்தன்மையை ஒழிப்பது என்றும் பொருள் கூறக் கேட்டிருக்கிறேன். பக்தியோடு சொல்வதைக் குறை கூறலாகாது. ஆயினும் சொல் அதுவன்று. சடாரியில் உள்ள சடத்திற்கு முதலெழுத்து, சங்கரன் என்பதில் ஒலிக்கும் தாலவ்ய சகாரம். இரண்டாவது, பீடம், கண்டம் என்று நாம் எழுதும் சொற்களில் வடமொழியில் வருகின்ற, டவர்க்கத்து இரண்டாம் எழுத்து. இந்தச் சொல்லுக்கு வஞ்சகம் உடையவன் என்று பொருள். சடனுடைய தன்மை சாட்யம். மறைப்பதைப் பற்றிய சொல் எழுத்திலேயே மறைந்து கிடக்கிறது என்று எங்கள் பாடசாலையில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தாதுபாடத்தில் இந்தத் தாது ஓரிடத்தில் மட்டும் வரவில்லை. ப்வாதி கணத்தில் கைதவம், அதாவது ஏமாற்றுதல், என்ற பொருளில் வருகிறது. சுராதி கணத்திலோ புகழ்தல் என்ற பொருளிலும் வருகிறது. ஒரே ஒலியுடைய தாது ஏமாற்றுவதற்கும் புகழ்வதற்கும் இருப்பதை வையாகரணர் வெறும் அர்த்த பேதமாகவே கொள்வர். உலகியல் அறிந்தவருக்கு அவை அவ்வளவு தொலைவில் உள்ள பொருள்களாகத் தோன்றா. முன்பணம் வாங்கிச் சென்றவன் அந்தப் பெரியவரை எத்தனை முறை புகழ்ந்திருப்பான் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அமரகோசம் கபடத்திற்கு ஒன்பது பெயர்களைத் தொகுத்துத் தருகிறது. அவற்றுள் சாட்யமும் ஒன்று. கோசத்தில் ஒரே வரிசையில் நின்றாலும் இச்சொற்கள் வெவ்வேறு வழியில் பிறந்தவை. கைதவம் என்பது கிதவன் என்ற சொல்லிலிருந்து வந்தது, கிதவன் சூதாடி. ஆகவே கைதவம் சூதாட்டக்காரன் செய்யும் வஞ்சனை. (கோபிகைகள் கண்ணனைக் கிதவனே என்று விளித்ததாக ஸ்ரீபாகவதம் கூறுகிறது. அது ப்ரேமத்தின் வசவு; அதற்கு வேறு கணக்கு.) வ்யாஜம் என்பது ஒரு சாக்குக் காட்டிச் செய்வது. டம்பம் இல்லாத பெருமையை இருப்பதாகக் காட்டுவது. சத்ம என்பது மூடுதல் என்னும் பொருளுள்ள தாதுவிலிருந்து வந்த சொல். வேஷம் பூண்டு மறைவது. ஸந்யாஸி வேஷத்தோடு பஞ்சவடிக்கு வந்த ராவணனை நினைத்துக்கொண்டால் அதன் பொருள் விளங்கிவிடும்.

சாட்யத்திற்கு உரிய தனிப்பொருள் யாது? ஸ்ரீபகவத்கீதை 18ஆம் அத்தியாயம் 28ஆம் சுலோகத்தில், தாமஸ கர்த்தாவுக்குரிய எட்டுக் குறைகளில் நான்காவதாகச் சடன் என்ற சொல் வருகிறது. அடுத்தபடியாகவே பிறரைக் கெடுப்பவன் என்னும் பொருள்பட இன்னொரு சொல்லும் வருகிறது. உடையவர் தம் பாஷ்யத்தில் அந்த ஐந்தாவது சொல்லுக்கே வஞ்சனையில் ஈடுபட்டவன் என்று பொருள் அருளிச்செய்து, சடன் என்பதற்கு ஆபிசாரம் முதலிய கர்மங்களில் ருசியுள்ளவன் என்று பொருள் கொண்டார். ஆபிசாரம் எதிரில் நின்று செய்வதன்று. ஒருவன் அறியாதபடி அவனுக்குக் கேடு சூழ்வது. சங்கர பாஷ்யத்திலோ தனக்குள்ள சக்தியை ஒளிப்பவன் என்று பொருள் காண்கிறோம். இரண்டு பாஷ்யங்களும் வெவ்வேறு வழியே சென்றாலும் ஒன்றைத் தொடாமல் செல்லவில்லை. உள்ளதை மறைத்தல் என்பதே அது. சடன் இல்லாததைச் சொல்பவன் என்பதைவிட, இருப்பதை ஒளிப்பவன் என்பதே பொருத்தம். அவன் வாயில் ஒரு பொய்யும் வாராமலே அவன் சடனாக இருக்கக்கூடும்.

ஞானத்தை மறைத்து மூடனைப்போல் திரிந்த ஜடபரதரும் சடரோ என்று ஒரு மாணவன் அடியேனைக் கேட்டான். நல்ல கேள்வி. அவர் உலகப்பற்றுக்கு அஞ்சி மறைத்தார். பல்லக்குச் சுமக்கச் சொன்னபோது அதையும் சுமந்தார். அந்த மறைப்பினால் வந்த நஷ்டம் அவர் தோளிலேயே விழுந்தது. சடன் மறைப்பதில் நஷ்டம் எதிரில் இருப்பவனுடையது. ஜடத்திற்கும் சடத்திற்கும் எழுத்தில் உள்ள வேற்றுமையைவிட இது பெரிய வேற்றுமை.

அலங்கார சாஸ்த்ரத்திலும் இச்சொல் உண்டு. திருவிழா மலரில் அதைச் சொல்லலாமா என்று தயங்கினேன். ஆனால் அதற்கு ஒரு திருவிழாவே ஸாக்ஷி இருக்கும்போது தயக்கம் எதற்கு? தனஞ்ஜயருடைய தசரூபகம் நாயகர்களை வகுக்கும்போது சட நாயகன் என்று ஒருவனைக் கூறுகிறது. நாயகிக்குப் பிரியமில்லாததை மறைவாகச் செய்துவிட்டு, நேரில் இனியவனாக நிற்பவன் அவன். ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்ஸவத்தின்போது நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி கண்டருளித் திரும்புகிறார். உத்திரத்தன்று பெரிய பிராட்டியார் ஸந்நிதிக்கு எழுந்தருளினால் அங்கே கதவு அடைபடுகிறது. ப்ரணய கலஹம் என்றும் மட்டையடி என்றும் வழங்கும் இந்த உத்ஸவத்தில் எம்பெருமான் சொல்லும் ஸமாதானங்களைப் பிராட்டி ஏற்பதில்லை. முடிவில் இடையில் எழுந்தருளிக் கலஹத்தைத் தீர்த்து வைப்பவர் யார்? நம்மாழ்வார். எம்பெருமான் சட நாயகனாக விளையாடும் அன்று, அவனைக் கதவுக்கு உள்ளே சேர்ப்பிக்கச் சடகோபரே வர வேண்டியிருக்கிறது. இந்த நயத்தை ஏற்பாடு செய்த பூர்வர்களின் ரஸிகத்தன்மையை என்னென்பது!

ஆழ்வாருக்கு அத்திருநாமம் வந்த வரலாறு அன்பர்கள் பலரும் அறிந்ததே. ஆயினும் சொற்பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு அதை மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். கர்ப்பத்தில் இருக்கும் சிசுவுக்கு ஞானம் உண்டு என்றும், வெளியே வரும் தருணத்தில் சடம் என்னும் வாயு அதைத் தீண்டி அந்த ஞானத்தை மறைத்துவிடுகிறது என்றும் பெரியோர் கூறுவர். அதன் பிறகே குழந்தை அழுகிறது. திருக்குருகூரில் காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் திருக்குமாரராக ஆழ்வார் அவதரித்தபோது அந்த வாயு வழக்கம்போல் அணுகியது. ஆழ்வார் அதனைக் கோபித்து விலக்கினார். அழவில்லை, பாலும் உண்ணவில்லை. திருப்புளியின் அடியில் 16 ஆண்டுகள் பேசாது எழுந்தருளியிருந்தார். வடதிசை யாத்திரையில் இருந்த மதுரகவிகள் தெற்கே தோன்றிய ஒளியைப் பின்பற்றி வந்து வினவியபோதுதான் திருவாய் மலர்ந்தார்.

அந்த வாயுவுக்கு ஏன் சடம் என்று பெயர்? அது குழந்தைக்கு எந்தத் தீங்கையும் நேரே செய்வதில்லை. அடிப்பதில்லை, நோய் தருவதில்லை. குழந்தையிடம் ஏற்கனவே இருப்பதை மூடிவிடுகிறது, அவ்வளவே. மூடப்பட்டது என்று அறியும் அறிவையும் சேர்த்து மூடிவிடுகிறது. ஏமாந்தவன், தான் ஏமாந்தேன் என்று அறியாதிருப்பதே சாட்யத்தின் பூர்த்தி. முன்பணம் போயிற்றென்று அறிந்த ஆந்திரப் பெரியவர் அந்த அளவில் தப்பியவரே.

சடர்களாகிய வாதிகளின்மேல் கோபம் கொண்டவர் என்று சடகோபன் என்னும் திருநாமத்துக்கு வேறொரு பொருளும் கூறுவர். அதுவும் தகும். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களில், பதிகந்தோறும் இறுதியில் தம்மைக் குருகூர்ச் சடகோபன் என்று ஆழ்வார் தாமே சொல்லிக்கொள்வதைக் காண்கிறோம். காரிமாறன் என்று தந்தையார் பெயரோடு சேர்த்துச் சொல்லிய இடங்களும் உண்டு. ஆயினும் உலகில் நிலைத்து நின்றது சடத்தைக் கோபித்த பெயரே.

எம்பெருமானுடைய திருவடியாகவே ஆழ்வாரைக் கொள்வது நம் ஸம்ப்ரதாயம். ஆதலால் திருவடிநிலைகள் பொறித்த, கிரீடம்போன்ற அந்தத் திருமேனிக்கு ஆழ்வார் திருநாமமே வந்தது. ஸ்ரீசடகோபம் என்றாலும் சடாரி என்றாலும் ஒன்றே. ஸ்வாமி தேசிகன் நம்பெருமாள் பாதுகையின்மேல் 1008 சுலோகங்கள் அருளியபோதும் பாதுகையையும் சடகோபரையும் பிரித்துப் பார்க்கவில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் ஸந்நிதியில் ஸாதிக்கும் சடாரிக்குச் சடகோபம் என்று பெயரன்று. இராமானுசம் என்று பெயர். ஆழ்வாருக்குத் திருவடி உடையவர். உடையவர் ஸந்நிதியிலோ அதற்கு முதலியாண்டான் என்று பெயர். இவ்வாறு ஒருவருக்கு ஒருவர் திருவடியாகத் தொடர்ந்து வருகின்றனர். இதனை அறியாமல் எல்லா ஸந்நிதியிலும் சடாரி என்றே கேட்பவர்களை அர்ச்சகர்கள் திருத்துவதில்லை. வரிசை நீளும் என்பதே காரணம்.

ஆழ்வார்திருநகரியைப்போலவே தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டத்திற்கு யாத்திரை செல்லும் அன்பர்கள் அங்கே எழுந்தருளியிருக்கும் கள்ளபிரானை ஸேவித்திருப்பார்கள். பெருமானுக்கு இப்படியும் ஒரு திருநாமமா என்று கேட்பவர் உண்டு. காலதூஷகன் என்ற கள்வன், களவுக்குப் புறப்படுமுன் வைகுந்தநாதனை வணங்குவான். கிடைத்ததில் பாதியைப் பெருமாளுக்கே ஸமர்ப்பிப்பான். ஒருமுறை அரண்மனையில் திருடியபோது கூட்டாளிகள் அகப்பட்டனர். அவன் பெருமாளைச் சரணடைந்தான். பெருமாள் அவனுடைய உருவத்திலேயே அரசன் முன் சென்று நின்றார் என்பது ஸ்தல புராணம். களவை நியாயமென்று சொல்வதாக யாரும் கொள்ளலாகாது. அந்தக் கள்வன் ஊரையெல்லாம் ஒளித்தான். ஒரு ஸந்நிதியில் மட்டும் ஒளிக்கவில்லை. நான் திருடன், இது திருட்டுப் பொருள், இதில் இது உன் பங்கு என்று கைவிரித்து நின்றான். அவன் சோரன்; சடன் அல்லன். பெருமாளும் சோரநாதன் என்ற பெயரைக் கூசாமல் ஏற்றுக்கொண்டார்.

இதற்கு நேர் எதிராக நல்லவர்களுக்கு வரும் குற்றம் ஒன்றைச் சாஸ்த்ரம் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. அதன் பெயர் வித்தசாட்யம். வித்தம் என்றால் பொருள். விரத கல்பங்களிலும் தான விதிகளிலும் இன்னது கொடுக்க வேண்டும் என்று விதித்த பிறகு, வித்தசாட்யம் செய்யலாகாது என்ற எச்சரிக்கையைப் பன்முறை காணலாம். இல்லாதவன் ஒரு துளஸி தளம் ஸமர்ப்பித்தால் அது பூர்ணம். இருப்பவன் இல்லாதவனைப்போல் நின்று துளஸி மட்டும் ஸமர்ப்பித்தால் அதுவே சாட்யம். துளஸி ஒன்றே, ஒருவர் கையில் பக்தி, மற்றொருவர் கையில் கபடம். உலோபம் என்று சொல்லாமல் சாட்யம் என்று சொன்னது கவனிக்கத்தக்கது. கொடாமை தனிக் குற்றம். கொடுப்பதுபோல் காட்டிக்கொண்டு வைத்துக்கொள்வதற்கே இந்தப் பெயர்.

அர்ச்சகனாகிய அடியேன் இதைப் படிக்கும் அன்பர்களுடைய பணப்பையைக் குறித்து எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். வித்தத்தில் சாட்யம் செய்வோர் வரிசையில் நிற்கலாம். வேறொரு சாட்யம் செய்தவன் வரிசைக்கு எதிரே, கர்ப்பக்ருஹத்தின் வாசலில் நின்றிருந்தான். அதையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையே சாட்யமாகிவிடும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலிருக்கும். அடியேன் பாடசாலைப் படிப்பை முடித்துத் தகப்பனாரோடு கைங்கர்யத்தில் சேர்ந்த புதிது. உத்ஸவக் கூட்டம். தகப்பனார் தீர்த்தம் ஸாதிக்க, அடியேன் பின்னால் சடாரி ஸாதித்து வந்தேன். வயலிலிருந்து நேரே வந்தவர்போல் ஒருவர் வந்து நின்றார். வேட்டியில் சேறு உலர்ந்திருந்தது. தலையில் வைக்கோல் துரும்பு. அவர் எந்தத் தெருவினராக இருப்பார் என்று அடியேன் மனம் ஒரு கணம் கணக்கிட்டது. அவர் கண்களை மூடிக்கொண்டு, வாய் புதைத்து, முதுகு வளையக் குனிந்தார். சடாரி அவர் தலைக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் சென்று, அங்கேயே நின்று, மீண்டது. படவில்லை. அவர் பட்டதாகவே நினைத்துக்கொண்டார். "பெருமாளே" என்று சொல்லிக்கொண்டு, நிறைந்த முகத்தோடு நகர்ந்தார். அடுத்து நின்றவர் தலையில் முறைப்படி ஸாதித்தேன்.

நடை சாத்தி வீடு திரும்பும் வரையில் தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. போஜனம் ஆகித் திண்ணையில் அமர்ந்தபின், "நீ வ்யாகரணம் படித்தவன். சடாரி என்பதற்கு விக்ரஹ வாக்யம் சொல்" என்றார்.

"சடத்திற்கு அரி, சடாரி. ஷஷ்டீ தத்புருஷன்" என்றேன்.

"இன்று காலை உன் கையில் இருந்தது யாருக்கு அரி?"

அடியேன் பேசவில்லை. தகப்பனாரும் அதற்குமேல் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகு அவர் ஆசார்யன் திருவடி அடையும் வரையிலும் சொல்லவில்லை. கொடுப்பதுபோல் காட்டி, கொடாமல் வைத்துக்கொண்டேன். அதுவும் என்னுடையதாக இல்லாத ஒன்றை. நிறைந்த முகத்தோடு சென்ற அந்த மனிதருக்குத் தாம் ஏமாந்தது தெரியாது. மேலே சாட்யத்தின் பூர்த்தி என்று எழுதினேனே, அதை அடியேன் கோசத்தில் படித்து அறிந்ததில்லை.

"நாமம் போட்டான்", "சடகோபம் வைத்தான்" என்று மக்கள் சொல்லும்போது நம்மவர் சிலர் முகம் சுளிக்கின்றனர். ஸம்ப்ரதாயத்தைப் பரிஹஸிக்கிறார்கள் என்று வருந்துகின்றனர். அடியேனுக்கு அந்த உரிமை இல்லை. அடையாளத்தைத் தரித்து நின்றவன் கை ஒரு விரற்கடை உயரத்தில் நின்றுவிட்ட இடங்களில் எல்லாம் சொல் தன் பொருளை மாற்றிக்கொள்ளத்தான் செய்யும்.

மறுநாள் காலையிலும் மாலையிலும் அந்த முகத்தைக் கூட்டத்தில் தேடினேன். தேருக்கும் வந்து தேடினேன். தீர்த்தவாரிக்கு ஆற்றில் இறங்கியவர்களிடையிலும் தேடினேன். ஊர் தெரியாது, பெயர் தெரியாது. அடுத்த உத்ஸவத்தில் வைக்கோல் துரும்போடு வந்த வேறு ஒருவரை அவரென்று எண்ணி இருமுறை ஸாதித்துவிட்டேன். அவர் திகைத்துப்போய் நிமிர்ந்து பார்த்தார்.

இவ்வாண்டு உத்ஸவத்திற்கு எழுந்தருளும் அன்பர்கள் ஒன்றைப் பொறுத்தருள வேண்டும். அடியேன் கையிலிருந்து சடாரி பெறும்போது அது சிலருக்குச் சற்று அழுந்தவே படக்கூடும். தலை நனைந்திருந்தாலும், பூச்சூடியிருந்தாலும், சேறு பட்டிருந்தாலும், பட்டது என்று கைக்குத் தெரியும் வரையில் அடியேன் அதை எடுப்பதில்லை. வரிசை இதனால் சிறிது தாமதமாகிறது என்று நிர்வாகத்தாரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.